துக்கம் விசாரித்தல்: பிளவுண்ட ஒரு சொல்

1

சாவு வீட்டுக்குக் கிளம்புகிறவரைக் கேட்டால் 'துக்கம் விசாரிக்கப் போறேன்' என்பார். தெற்கே 'துட்டி கேட்க', 'கேதம் கேட்க' என்பார்கள். ஆறுதல் சொல்வது என்கிற தொடரும் நம்மிடம் உண்டுதான். ஆனால் வழக்கில் முன்னே நிற்கிற வினைகள் கேட்பதும் விசாரிப்பதும். எப்போ ஆச்சு, எப்படி ஆச்சு, பக்கத்துல யார் இருந்தது, ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க என்று வருகிற ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். இழந்தவர் பத்து முறை, இருபது முறை அதே சம்பவத்தைச் சொல்கிறார். சொல்லச் சொல்ல அது ஒரு கதையாடலாக உருப்பெறுகிறது. அந்தக் கதையாடலில் அழுகை மட்டும் இருப்பதில்லை. ஆம்புலன்ஸ் வராததும், பெரிய டாக்டர் ஊரில் இல்லாததும், பணம் கேட்டபோது கைவிரித்த அண்ணனும் அதில் வந்துவிடுகிறார்கள். ஒப்பாரியிலோ கேட்கவே வேண்டாம். செத்தவரைப் புகழ்கிற பெண் அதே மூச்சில் புகுந்த வீட்டையும் பிறந்த வீட்டையும் கடவுளையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் மூக்கைச் சிந்துகிறாள்.

விசாரணை என்கிற அதே சொல்தான் காவல் நிலையத்திலும் கமிஷனிலும் புழங்குகிறது. இது தற்செயலான சொல்லொற்றுமை என்று தள்ளிவிடலாம். தள்ளிவிடாமல் அதைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உணர்வுரீதியான ஆதரவு தருவது இன்று பயிற்சியும் கையேடும் சான்றிதழும் கொண்ட தன்னார்வப் பணியாகிவிட்டது. அது உருவான வரலாற்றினூடே நமது பழைய சொல் இரண்டாகப் பிளந்துபோயிருக்கிறது. என்ன உணர்கிறாய் என்கிற பாதி தன்னார்வலரிடம் போயிற்று. ஏன் நடந்தது, யார் பொறுப்பு என்கிற பாதி கலெக்டர் ஆபீசுக்கும் கமிஷனுக்கும் போயிற்று. முதல் பாதியில் காரணம் கிடையாது. இரண்டாவது பாதியில் கண்ணீருக்கு இடம் கிடையாது.

இதில் நமக்கும் பங்குண்டு. இயக்கம் சார்ந்து செயல்படுகிற நம்மிடம் 'உண்மை அறியும் குழு' என்றொரு வடிவம் இருக்கிறது. கலவரமோ, துப்பாக்கிச் சூடோ, விஷவாயுக் கசிவோ நடந்த இடத்துக்குப் போகிறோம், வாக்குமூலம் பெறுகிறோம், அறிக்கை வெளியிடுகிறோம். மிக அவசியமான பணி, சந்தேகமில்லை. ஆனால் வாக்குமூலம் தந்த பெண் அன்றிரவு தூங்கினாளா என்று அறிக்கையின் எந்தப் பத்தியிலும் இருக்காது. கண்ணீரைத் துடைக்கிற வேலை என்.ஜி.ஓ.க்களின் வேலை, போராட்ட உணர்வை மழுங்கடிக்கிற வேலை என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். அப்படி ஒதுக்கியதன் மூலம் அந்தப் பிளவை நாமும் உறுதி செய்திருக்கிறோம்.

2

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் செத்துப் போனார்கள். அதில் 6,000க்கும் மேற்பட்டவர்கள் ஒன்றுபட்ட நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். இந்த எண்ணிக்கைக்கு முன்னால் மனநல மருத்துவர்களின் எண்ணிக்கை ஒன்றுமேயில்லை. எனவே பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம், ஏற்கனவே ஒரிசாவின் 1999 பெரும்புயலிலும் குஜராத்தின் 2001 நிலநடுக்கத்திலும் கைக்கொண்ட முறையை இங்கும் பின்பற்றியது. உள்ளூர் ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், தொண்டு நிறுவன ஊழியர்கள், படித்த இளைஞர்கள் ஆகியோருக்குச் சில நாள் பயிற்சி கொடுத்துக் குடும்பம் குடும்பமாக அனுப்புவது என்பதே அம்முறை. அதன் வேர் 1984 போபாலில் இருக்கிறது. விஷவாயு பாய்ந்த ஊரில் பொது மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி தரவேண்டியிருந்தபோது இந்தியாவில் இப்படியொரு துறை பிறந்தது. 2009இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இதற்கெனத் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

இந்த மரபில் உருவான கையேடுகளைப் பிரதிகளாக வைத்து வாசித்துப் பார்க்கலாம். அவை கற்றுத்தருகிற ஆதரவு முறைகள் ஏறக்குறைய ஏழு: மனத்தில் அடைந்து கிடப்பதைக் கொட்ட விடுதல், ஒத்துணர்தல், கவனித்துக் கேட்டல், சமூக ஆதரவை மீட்டுத் தருதல், கவனத்தை வெளிக்காரியங்களில் திருப்புதல், ஓய்வும் பொழுதுபோக்கும், ஆன்மீகம். பெரிய மருத்துவச் சொற்கள் கிடையாது. எட்டாவது படித்தவரும் புரிந்துகொள்ளலாம். அழுபவரை 'அழாதே' என்று அடக்காதே, 'எல்லாம் விதி' என்று மூடாதே, உன் கதையைச் சொல்லாதே என்கிறது. துக்கத்தை உடனடியாக நோய் என்று முத்திரை குத்தாமல், அசாதாரண நிகழ்வுக்கு வரும் சாதாரண எதிர்வினை என்கிறது. மருத்துவ அதிகாரம் தன் எல்லையைத் தானே சுருக்கிக்கொள்கிற அரிய இடம் இது. நமது விமர்சனம் இந்த நேர்மையை அங்கீகரித்துவிட்டே தொடங்க வேண்டும்.

இருந்தும் அந்த ஏழில் முதலாவதன் படிமத்தைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் அதை 'வென்டிலேஷன்' என்கிறார்கள். மூடிய அறையில் சன்னலைத் திறப்பது. உள்ளே புழுங்குவது காற்று, அது வெளியேறிவிட்டால் அறை பழையபடி ஆகிவிடும். வெளியேறியது எங்கே போயிற்று என்று யாரும் பார்ப்பதில்லை. பாதிக்கப்பட்டவர் பேசுகிறார், பேசியதால் லேசாகிறார். அவர் பேசியது என்ன, அதில் ஏதேனும் செய்தி இருந்ததா என்கிற கேள்வி இந்தப் படிமத்துக்குள் எழ வழியில்லை. நிவாரணத் தகவலைச் சொல்லவும், உரிய அலுவலகத்துக்கு வழிகாட்டவும் கையேடுகள் கூறாமலில்லை. உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியும் பார், கேள், இணை என்று மூன்று சொற்களில் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. ஆனால் இணைக்கப்போகிற அந்த அலுவலகமே அழுகைக்குக் காரணமாக இருந்தால் என்ன செய்வது?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இங்கே நமக்கு உதவுகிறது. பண்டைத் தமிழரிடம் எல்லாம் இருந்தது என்று பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. அது அழுகைக்கு நான்கு பிறப்பிடங்களைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல், உயிரோ பொருளோ இழத்தல், இருந்த நிலையிலிருந்து தாழ்ந்து போதல், இல்லாமை. எம்.ஏ. வகுப்பில் இதை நாலு மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்துவிட்டு வந்துவிடுகிறோம். பேரிடர் முகாமில் வைத்துப் படித்தால் அது வேறு பிரதி. நவீன உளவியல் ஆதரவு இந்நான்கில் இழவை மட்டுமே முழுதாகக் கேட்கப் பழகியிருக்கிறது. நிவாரண வரிசையில் அவமானப்பட்டவளின் அழுகை இளிவு. படகுச் சொந்தக்காரராக இருந்தவர் அரிசிப் பொட்டலத்துக்குக் கை நீட்டும்போது வருவது அசைவு. முன்பே ஒன்றுமில்லாதவர் இழந்ததாகக் காட்ட எதுவுமில்லாமல் நிற்பது வறுமை. நான்கையும் ஒரே 'மன உளைச்சல்' என்கிற தலைப்பின்கீழ் பதிவு செய்கிறபோது மூன்று அழுகைகள் காணாமல் போகின்றன. காணாமல் போன மூன்றுக்கும் ஒவ்வொரு எதிராளி உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

3

இதற்கு மேல் போவதற்கு முன்னால், 'ஆறுதலால் என்ன ஆகிவிடப் போகிறது' என்கிற நமது ஏளனத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

1953இல் லண்டனில் சாட் வாரா என்கிற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் தன்னோடு பேசலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. காத்திருப்பவர்களோடு உட்கார்ந்து தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சாதாரண மனிதர்கள் சிலர் உதவிக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் ஒன்றைக் கவனித்தார்: பலர் இந்தப் பேச்சுத்துணையோடே திருப்தியாகித் திரும்பிப் போய்விடுகிறார்கள், உள்ளே வந்து நிபுணரைப் பார்க்கவேண்டிய தேவையே பலருக்கு இல்லை. தன்னார்வலரின் உளவியல் ஆதரவு என்கிற கருத்தாக்கம் இப்படிக் காத்திருப்பு அறையில்தான் பிறந்தது. அந்த மரபில் 1986இல் சென்னையில் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது ஸ்நேகா. ஆழிப்பேரலைக்குப் பிறகு சென்னைக் கடற்கரைக் குப்பம் ஒன்றில் உறவுகளை இழந்தவர்களைப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் சென்று பார்த்துவந்தார்கள். ஓராண்டுக்குப் பின், அப்படி யாரும் செல்லாத வேறொரு கடற்கரைப் பகுதியோடு ஒப்பிட்டபோது, தன்னார்வலர்கள் போன இடத்தில் மனத்துயரின் அளவு குறைந்திருந்தது. 2008இல் ஓர் ஆய்விதழில் இது வெளியாகியுள்ளது. மாத்திரை இல்லை, நிபுணர் இல்லை. திரும்பத் திரும்ப வந்த ஒரு முகம், அவ்வளவுதான்.

'திரும்பத் திரும்ப' என்பதில் அழுத்தம் வேண்டும். எதிர்ப்புறத்தில் வேறொரு முறையின் கதை இருக்கிறது. 1983இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி மிச்செல் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக ஒரு முறையை வகுத்தார். விபத்து நடந்த சில நாட்களுக்குள் உட்காரவைத்து நடந்ததை விவரமாகச் சொல்லச்செய்வது. பிற்பாடு அதுவே ஒருவேளை அமர்வாகச் சுருங்கி உலகம் முழுக்க, பாதிக்கப்பட்ட எல்லோர்மேலும் பிரயோகிக்கப்பட்டது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இந்த ஒருவேளை அமர்வால் பயன் எதுவும் தெரியவில்லை. சிலருக்குக் கேடும் விளைந்திருக்கிறது. 2007இல் வந்த சர்வதேச வழிகாட்டு நெறிகள் அதைச் செய்யாதீர்கள் என்றே எச்சரிக்கின்றன. கொட்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்கிற சன்னல் படிமம் அதன் சொந்தக் களத்திலேயே தோற்ற இடம் இது.

ஃபூக்கோ நவீன மேற்கத்திய மனிதனை ஒப்புதல் தருகிற மிருகமாகப் பார்த்தார். பாதிரியாரிடம், டாக்டரிடம், போலீசிடம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கக் கடமைப்பட்டவன் அவன். சொல்பவன் அல்ல, கேட்பவனே அதிகாரம் உள்ளவன். முகாமில் கையில் படிவத்தோடு வந்து 'உங்களுக்குக் கெட்ட கனவு வருதா?' என்று கேட்கிறவரிடம் இந்த அதிகாரம் இருக்கிறது. ஆனால் ஃபூக்கோவைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவது நமக்குச் சுலபம். சாவு வீட்டில் வந்து குந்துகிற பக்கத்து வீட்டு அம்மாவும் கேட்கிறாள். அவள் கேட்பது அதிகாரமாவதில்லை. ஏனெனில் நாளைக்கு அவள் வீட்டிலும் சாவு விழும், அப்போது இவள் போய்க் கேட்பாள். கேட்பது சுழற்சியில் இருக்கும் வரை அது உறவு. ஒரு பக்கமாக உறைந்துவிட்டால் அது விசாரணை, சொல்லின் போலீஸ் அர்த்தத்தில். தன்னார்வலர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைத் தீர்மானிப்பது அவரது நல்லெண்ணம் அல்ல, அவர் மறுபடி வருவாரா என்பதே.

4

நாகப்பட்டினக் கரையில் மறுபடி மறுபடி போனவர்களின் காதில் என்ன விழுந்தது?

குழந்தைகளை இழந்த தாய்மார்களில் பலர் கருத்தடை அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள். 'ரெண்டு போதும்' என்று ஊசி போட்ட அரசும், முகாமுக்கு அழைத்துப்போன நர்சம்மாவும், கையெழுத்துப் போட்ட கணவனும் சேர்ந்து எடுத்த முடிவு அது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே காலையில் போய்விட்டபின் அந்தப் பெண்ணிடம் போய் மூச்சை மெல்ல இழுத்து விடம்மா என்று சொல்வதற்கு என்ன அர்த்தம் இருக்கமுடியும்? அவர்கள் கேட்டது வேறு. மறுபடி பெற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். 2005இல் தமிழக அரசு கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைசிகிச்சையை இலவசமாக்கியது. தனியார் மருத்துவமனையில் செய்துகொண்டால் 25,000 ரூபாய் வரை தருவதாக அறிவித்தது. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் உலகுக்கே முன்மாதிரி என்று பெயரெடுத்த மாநிலம், தான் முடிச்சுப் போட்ட உடல்களைத் தானே அவிழ்க்க வேண்டிவந்தது. இந்தக் கோரிக்கை எந்தப் பொருளாதார இழப்பீட்டுப் பட்டியலிலும் முன்கூட்டி எழுதப்பட்டிருக்கவில்லை. அழுகையைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் இருந்ததால்தான் அது கோரிக்கையாக உருமாறியிருக்க முடியும். சிலருக்குச் சிகிச்சை பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை. சரி, மறுபடி பிள்ளை பெற்றே ஆகவேண்டும் என்று குடும்பங்கள் அந்தப் பெண்களை நெருக்கியதும் இதே கதையின் மறுபக்கம். அதைக் கேட்கவும் காது வேண்டும்.

இன்னொன்று. கடற்கரைத் தலித்துகளும் இருளர்களும் முகாம்களிலும் நிவாரணப் பங்கீட்டிலும் ஒதுக்கப்பட்டது அப்போதே பல அறிக்கைகளில் பதிவானது. 'மீனவர்' என்பதே பாதிக்கப்பட்டவருக்கான மறுபெயர் ஆகிவிட்டபோது, படகில்லாமல் வலையில்லாமல், மீன் இறக்கியும் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தும் பிழைத்தவர்கள் பாதிக்கப்பட்டவர் என்கிற வகைமைக்குள்ளேயே வரவில்லை. அவர்களது அழுகையின் பெயர் இளிவு. 'சமூக ஆதரவை மீட்டுத் தருதல்' என்று கையேடு சொல்கிறதே, எந்தச் சமூகத்தின் ஆதரவை? ஊர் என்றும் காலனி என்றும் ஏற்கனவே பிளவுண்ட இடத்தில் பழைய சமூகத்தை மீட்பது என்றால் பழைய தீண்டாமையையும் சேர்த்து மீட்பதாகாதா? துக்கத்தில் எல்லோரும் ஒன்று என்பது உயர்சாதிக் கதையாடல். சுடுகாடே இரண்டாக இருக்கும் ஊரில் அதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

மூன்றாவதாக எர்ணாவூர். வடசென்னைக் கடற்கரையில் வீடிழந்தவர்கள் தற்காலிகக் குடியிருப்புகளில் அங்கே வைக்கப்பட்டார்கள். 2007 ஜனவரியில், அங்கிருந்த பெண்கள் பலர் தங்கள் சிறுநீரகத்தை விற்றுக் கடனடைத்த செய்தி வெளிவந்தது. அலை வந்து இரண்டு ஆண்டு கழித்து. உணர்வுரீதியான ஆதரவின் முதல் அலை அதற்குள் வடிந்துபோயிருந்தது. இது வறுமையின் அழுகை, தாமதமாக வருவது, சத்தமில்லாதது. அதைக் கேட்க யாரும் மிச்சமிருக்கவில்லை.

5

ஈழத்தமிழ் நமக்கு இரண்டு சொற்களைத் தருகிறது. தமிழ்நாட்டில் நாம் 'கவுன்சிலிங்' என்றும், எழுத்தில் மனநல ஆலோசனை என்றும் சொல்வதை (சென்னையில் கவுன்சிலிங் என்றால் என்ஜினியரிங் சீட்டு என்றும் பொருள்) அங்கே உளவளத்துணை என்றும் ஆற்றுப்படுத்தல் என்றும் வழங்குகிறார்கள். ஆலோசனை தெரிந்தவர் தெரியாதவருக்குத் தருவது. துணை கூட நடப்பது. ஆற்றுப்படுத்தல் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு ஆற்றுப்படை நினைவுக்கு வரும். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பசித்த பாணனுக்கு வழி சொல்கிறான். வழி சொல்பவன் வள்ளலோ புலமையாளனோ அல்ல, நேற்றுவரை அதே பசியில் கிடந்தவன். யாழ்ப்பாணத்துச் சாந்திகம் போன்ற அமைப்புகளில் போரால் பாதிக்கப்பட்டவர்களே பயிற்சி பெற்றுத் துணையாளர்களாக நின்றதைப் பார்க்கையில் சொல் சும்மா தேர்ந்தெடுக்கப்படவில்லை என்று தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் உளவடுக்களைப் பற்றி 1998இல் நூல் வெளியிட்டார். ஆழிப்பேரலைக்குப் பிறகான எழுத்துகளில் அவர் வலியுறுத்தியது கூட்டு உளவடு என்கிற கருத்து. தனிமனிதரின் நரம்புக்குள் மட்டும் நோயைத் தேடாதீர்கள், குடும்பமும் கிராமமும் நம்பிக்கையும் உடைந்திருக்கின்றன என்றார். 1980இல், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களின் பின்னணியில், அமெரிக்க மனநோய்க் கையேட்டில் இடம்பெற்ற அதிர்ச்சிக்குப் பிந்தைய உளநெருக்கடி என்கிற நோய்ப்பெயர், 2005இல் விமானமேறி வந்த ஆலோசகர்களோடு இலங்கைக் கரைக்கு வந்திறங்கியதை ஈத்தன் வாட்டர்ஸ் 2010இல் எழுதினார். இலங்கை மக்கள் தம் துன்பத்தை உள்மனக் கோளாறாக விவரிக்காமல் உறவுகளில் விழுந்த அறுபடலாகவே விவரித்தார்கள் என்கிற காயத்ரி பெர்னாண்டோவின் ஆய்வை அவர் முன்வைக்கிறார்.

ஆனால் நமக்கு மிக முக்கியமான பாடம் 2009க்குப் பிறகு கிடைத்தது. வன்னியிலிருந்து மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். வடக்கில் எந்தத் தொண்டுப் பணிக்கும் ஜனாதிபதிச் செயலணியின் அனுமதி தேவைப்பட்டது. வீடு கட்டலாம், கிணறு தோண்டலாம். உளசமூகப் பணி என்று விண்ணப்பித்தால் அனுமதி கிடைப்பது அரிதாக இருந்தது. கூட்டாக விளக்கேற்றி அழுவதும் தடுக்கப்பட்டது. ஏன்? ஆறுதல் வெறும் சன்னல் திறப்புதான் என்றால், போராட்டத்தை மழுங்கடிக்கும் என்.ஜி.ஓ. வேலைதான் என்றால், ஓர் அரசு அதற்கு ஏன் பயப்பட வேண்டும்? துக்கம் விசாரிக்க ஒருவர் வந்து உட்கார்ந்தால் எப்போ ஆச்சு, எப்படி ஆச்சு, யார் செஞ்சது என்கிற கேள்விகள் வரும் என்று அந்த அரசுக்குத் தெரிந்திருந்தது. நாம் மறந்துவிட்ட சொல்லின் முழு அர்த்தத்தை அது மறக்கவில்லை.

6

கடலை விட்டு உள்ளே வருவோம். சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று விரிகிற பரப்பில், பேரிடர் என்பதற்கு வேறு உருவம். ஆவடிக்கு வடக்கே வெள்ளானூர் போன்ற ஊர்களில், வயலும் ஏரிப்புறமும் மனைப்பிரிவுகளான இடங்களில், தண்ணீர் சுவர்போல எழுந்து வருவதில்லை. வாசலில் ஊறி, படியேறி, கட்டில் கால் வரை வந்து நின்றுவிடுகிறது. பிணம் விழுவதில்லை, எனவே கேமரா வருவதில்லை. 'பீரோ போச்சு, மிக்ஸி போச்சு, புள்ளைங்க சர்டிபிகேட் எல்லாம் போச்சு' என்கிற அழுகையை துக்கம் என்று எந்தக் கையேடு ஒப்புக்கொள்ளும்? கழுத்தளவுத் தண்ணீரில் பால் பாக்கெட்டும் பிரெட்டும் தூக்கிவருகிற தெருப் பையன்கள் மாடியைப் பார்த்து 'அக்கா, ஒண்ணும் இல்லக்கா, நாங்க இருக்கோம்' என்று கத்துகிறார்களே, அதற்கு ஒரு பயிற்சியும் யாரும் தரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், தொலைந்த ஆவணங்களுக்கு நகல் தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. கையில் மறுபடி வந்த ரேஷன் கார்டும் மார்க் ஷீட்டும் தூக்கத்தைத் திருப்பித் தந்ததை உளவியல் ஆதரவு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? அசைவின் அழுகைக்கு மருந்து பழைய நிலையின் ஒரு துண்டுத் தாளாகவும் இருக்கலாம்.

அதே வெள்ளத்தைத் தொடர்ந்து ஆற்றங்கரைக் குடிசைகளை அப்புறப்படுத்துவது வேகம் பிடித்தது. கூவம் கரையில் தலைமுறையாக இருந்தவர்கள் பெரும்பாக்கத்துக்கு மட்டுமின்றி அம்பத்தூர் பக்கம் அத்திப்பட்டுக்கும், பூந்தமல்லிக்கு மேற்கே கூடப்பாக்கத்துக்கும் ஏற்றியனுப்பப்பட்டார்கள். வேலை, பள்ளிக்கூடம், கைமாத்துத் தருகிற பக்கத்து வீடு, எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. வெள்ளம் வந்தபோது ஆறுதல் சொல்ல வந்தவர்கள் லாரி வந்தபோது வரவில்லை. இயற்கை செய்தால் பேரிடர், அரசு செய்தால் மறுவாழ்வு. தன்னார்வலரின் வரைபடமும் இந்த வகைப்பாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பதே நம் புகார்.

மௌலிவாக்கத்தை நினைத்துப் பாருங்கள். 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளிகள் அவர்களில் பலர். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. இடிபாட்டுக்கு வெளியே காத்திருந்தவரிடம் தெலுங்கிலோ ஒரியாவிலோ 'உன் ஆள் எந்த மாடியில வேலை செஞ்சார்?' என்று கேட்டு, பதிலைக் கேட்டு, கூட உட்காரத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் நம்மிடம் இருந்தார்கள்? ஒப்பாரி தாய்மொழியில்தான் வரும். பேரிடரின் உழைப்பாளிகள் மொழி மாறிவிட்ட நகரத்தில் தமிழில் மட்டும் ஆறுதல் சொல்லத் தெரிந்தால் போதாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களின் சில வட்டங்களிலும் 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியே தரப்பட்டது. டோக்கன் கிடைத்தவர், கிடைக்காதவர் என்று தெருக்கள் இரண்டாயின. வாடகைக்கு இருப்பவர், கார்டு வேறு ஊரில் உள்ளவர் எல்லாம் தாங்கள் நனைந்தார்கள் என்பதையே நிரூபிக்க வேண்டியிருந்தது. அதே வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பரவி மீனவர்களின் படகும் வலையும் உடம்பும் கறுத்தன. அங்கே போய்க் 'கவனத்தை வெளிக்காரியத்தில் திருப்பு' என்று சொல்ல முடியாது. அவர்களது கவனம் ஏற்கனவே சரியான வெளிக்காரியத்தில்தான் இருந்தது.

7

அப்படியானால் தன்னார்வலரை வாக்குமூலம் வாங்குகிறவராக மாற்றிவிடலாம் என்று அவசரப்படக்கூடாது. அழுகையைக் கோஷமாக்குகிற பழக்கம் நமக்கு அதிகம். மகனைப் பறிகொடுத்தவளை மேடையேற்றி மைக்கை நீட்டுவதும் ஒருவேளை அமர்வுதான், கேடும் அதே கேடுதான். அவள் சொன்னது அவளுடையது. எதை வெளியே எடுத்துப் போகலாம், எதைப் போகக்கூடாது என்று அவள்தான் சொல்லவேண்டும். வற்புறுத்திப் பேசவைக்காதே, கேட்டதை ஊரெல்லாம் சொல்லாதே, செய்யமுடியாததை வாக்குக் கொடுக்காதே என்று உளவியல் துறை கற்றுக்கொண்ட அடக்கத்தை நாம் அதனிடமிருந்து கற்றுக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பதிலுக்கு நம்மிடமிருந்து அது கற்கவேண்டியவை உண்டு. தன்னார்வலர் பயிற்சியில் ஒத்துணர்வுக்கு ஒரு நாள் ஒதுக்கினால், நிவாரண அரசாணையைப் படித்துச் சொல்லவும் மனு எழுதவும் இன்னொரு நாள் ஒதுக்கட்டும். தலித்தின் இளிவைக் கேட்க ஊர்ப் பெரியவர் வீட்டில் உட்கார்ந்தால் ஆகாது என்பதைக் கையேடு அச்சில் சொல்லட்டும். ஒரே குறை இருபது வீட்டில் கேட்டால் அதை இருபது மன உளைச்சலாக எழுதாமல், அவர்கள் சம்மதத்தோடு ஒரு கோரிக்கையாக எழுதட்டும். நமது உண்மை அறியும் குழுக்களோ, அறிக்கை வந்த பிறகும் அந்த ஊருக்குப் போய்வரச் சம்மதிக்கிற ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளட்டும். தொண்டர் என்கிற சொல் பக்தியில் பிறந்து கட்சிக்குப் போய்விட்டது, தன்னார்வலர் என்கிற சொல் திட்ட அறிக்கைகளிலிருந்து வந்தது. இரண்டிலும் பக்கத்து வீட்டு அம்மா இல்லை.

நம் வழக்கத்தில் பதினாறாம் நாள் கருமாதியோடு உறவு சனம் கலைந்துவிடும். பேரிடர்த் தன்னார்வலர்களும் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் மூட்டை கட்டுகிறார்கள். எர்ணாவூரில் சிறுநீரகம் விற்கப்பட்டது, அத்திப்பட்டுக்கு லாரி போனது, பிள்ளை பெறாத மருமகளை வீட்டில் குத்திக்காட்டியது எல்லாம் பதினேழாம் நாளுக்கு அப்புறம் நடந்தவை. துக்கம் விசாரிக்கப் போகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, மூன்றாம் மாதமும் அடுத்த மழைக்கும் நான் இங்கே வருவேனா என்பதே. வருவதாக இருந்தால், விசாரணையின் மற்ற பாதி தானாக அவர் காதில் விழத் தொடங்கும்.